டெஸ்ஸின் இடது தோள்

ரேவினின் கணவன் டெஸ்ஸுக்கு இடது தோள் முப்பத்தொரு வருஷம் வலித்தது. அப்படி டெஸ் சொன்னான். ரேவின் நம்பவில்லை.

நம்பாததற்கு அவளிடம் தகுதியான காரணம் இருந்தது. இருபத்தேழு வருஷம் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் உட்கார்ந்தவள் அவள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரும் பிள்ளையை வாசலில் பார்த்ததுமே, இது கணக்குப் பரீட்சை வயிற்றுவலியா நிஜ வயிற்றுவலியா என்று சொல்லிவிடுவாள். அம்மாவின் கையெழுத்தில் பிள்ளைகளே எழுதிக்கொண்டு வந்த லீவு லெட்டர்களை ஒரு டிராயர் நிறைய சேர்த்து வைத்திருந்தாள். அப்படிப்பட்டவளிடம் வந்து தோள்வலி என்றால்?

அந்தத் தோளுக்கு நாள் நட்சத்திரம் எல்லாம் தெரியும். நியூசிலாந்தின் தெற்கே, டனீடினில் குளிர் தொடங்குமுன் வருஷா வருஷம் விறகு லாரி வந்து, மேட்டு வீட்டின் கீழே கேட் வாசலில் கொட்டிவிட்டுப் போகும். லாரிக்காரன் ஃபோன் செய்து தேதி சொல்வதற்கு முந்தின நாளே டெஸ்ஸுக்குத் தோள் பிடித்துக்கொள்ளும். ஈரப் போர்வையைக் கொடியில் போடச் சொன்னால் பிடித்துக்கொள்ளும். புதன்கிழமை கிளப்பில் புல்தரையில் பந்து உருட்டப் போகும்போது மட்டும் மாயமாக மறைந்துவிடும்.

"பந்து உருட்டறது வலது கை, ரே," என்பான் டெஸ்.

"தேநீர்க் கோப்பையைக் கழுவறதும் வலது கைதான்."

ஒருமுறை எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு சுத்தமாக இருந்தது. வீடு திரும்பும் வழியெல்லாம் ரேவின் சிரித்துக்கொண்டே வந்தாள். "எலும்பு வலிக்குதுன்னு நான் எப்ப சொன்னேன்?" என்று டெஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

செத்தபின் உடலைப் பல்கலைக்கழகத்தின் உடற்கூறியல் துறைக்குத் தருவதென்று அவன் முடிவு செய்தது அறுபத்தாறாவது வயதில். சமையலறை மேஜையில் உட்கார்ந்து, பெரிய சுழி போட்டுக் கையெழுத்திட்டான்.

"நான் போனப்புறம் அங்க படிக்கிற பசங்க திறந்து பார்ப்பாங்க, ரே. அப்ப தெரியும் உனக்கு."

"ஒண்ணுமே இல்லேன்னு தெரிஞ்சா?"

"தெரிஞ்சா என்ன? திட்டு வாங்க நான் இருக்க மாட்டேனே."

போன வருஷம் ஜூன் மாதம், நிமோனியாவில், ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து போனான். எட்டாவது நாள் நர்ஸ்கள் அவனை இடது பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்தபோது முகத்தைச் சுளித்து ரேவினைப் பார்த்தான். "நடிக்காதே," என்றாள் அவள், பழக்க தோஷத்தில். டெஸ் சிரித்தான். சிரித்த மாதிரிதான் இருந்தது. மறுநாள் அவன் கண் திறக்கவே இல்லை.

பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு பேர் வந்து மிகவும் மரியாதையாக அவனை எடுத்துப் போனார்கள். இரண்டு மூன்று வருஷத்துக்குப் பிறகு சாம்பல் வரும் என்றார்கள். நான்கு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு ரேவின் துறைக்கு ஒரு கடிதம் எழுதினாள்: 'என் கணவரின் இடது தோளில் ஏதேனும் பழுது இருந்ததா என்று மட்டும் தெரிவித்தால் போதும்.' இரண்டு வரியில் பதில் வந்தது. தனிப்பட்ட உடல்களில் காண்பவற்றைக் குடும்பத்தாருக்குத் தெரிவிக்கும் வழக்கம் இல்லை. அவரது கொடைக்கு என்றும் நன்றி.

ஊரில் அவளால் திறக்க முடியாத ஒரே அலமாரிக்குள் தன் சாட்சியை வைத்துப் பூட்டிவிட்டுப் போயிருந்தான் டெஸ். முப்பத்தொரு வருஷம் நோயாளியை நடிகன் என்றோமா, நடிகனை நடிகன் என்றோமா? கடைசியாகச் சொன்ன அந்த 'நடிக்காதே' நியாயமா, கொடுமையா? இது தெரியாமல் அவளுக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை.

அப்போதுதான் நூலகத்துப் பலகையில் அந்த அறிவிப்பைப் பார்த்தாள். உடற்கூறியல் மூன்றாம் வருஷ மாணவர்கள், படித்ததைச் சாதாரண மனிதருக்குப் புரியும்படி சொல்லப் பழக வேண்டுமாம். அதற்குச் சாதாரண மனிதர்கள் தேவை. நான்கு செவ்வாய்க்கிழமை. தேநீர் உண்டு.

தன்னைவிடச் சாதாரண மனுஷி இந்த ஊரில் இல்லை என்று ரேவின் போனாள். ஒரு ஃபாரம் கொடுத்தார்கள். 'உங்கள் நெருங்கிய உறவினர் எவரேனும் இத்துறைக்கு உடல்தானம் செய்திருக்கிறாரா?' என்று நான்காவது கேள்வி. இருபத்தேழு வருஷம் பொய் லெட்டர் பிடித்தவள், கூசாமல் 'இல்லை' என்று டிக் செய்தாள்.

பகுதிகளின் பட்டியல் ஒன்று சுவரில் ஒட்டியிருந்தது. முழங்கால், காது, கல்லீரல் என்று இருந்த வரிசையில் தோளுக்கு நேராகத் தன் பெயரை எழுதிவிட்டுத்தான் கோட்டைக் கழற்றினாள்.

அவளுக்கு வாய்த்த மாணவியின் பெயர் லெசியெலி. வடக்கே ஓமரூ என்ற சிற்றூரில் பிறந்து வளர்ந்த, டோங்கா தீவுக் குடும்பத்துப் பெண். அப்பா அங்கே இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. பரீட்சை எல்லாவற்றிலும் முதல் வரிசை மார்க். வாய் திறந்தால் மட்டும் லத்தீன் கொட்டும்.

"சுப்ராஸ்பினாட்டஸ் தசை, அக்ரோமியனுக்குக் கீழே போய், ஹ்யூமரஸ் தலையில..."

"கொஞ்சம் நில்லு கண்ணு. இது மூணும் எந்த ரயில் லைன்ல வர்ற ஸ்டேஷன்?"

லெசியெலி நோட்டை மூடினாள். "நான் முழங்கால்தான் கேட்டிருந்தேன், ஆன்ட்டி. எங்க அண்ணன்மார் மூணு பேருக்கும் ரக்பியில முழங்கால் போச்சு. அதைத் தூக்கத்துல கூடச் சொல்லுவேன். யாரோ முந்திக்கிட்டு வந்து தோள்ல பேரை எழுதிட்டாங்களாம், எனக்கு அதைக் குடுத்துட்டாங்க."

"யாரு அந்தப் பொல்லாதவ?" என்றாள் ரேவின்.

பயிற்சியின் விதி இதுதான். கடைசி செவ்வாய் அன்று மாணவி பேசக்கூடாது. பாடம் கேட்டவர் எழுந்து, தனக்குப் புரிந்ததைத் தன் வாயால் எல்லோருக்கும் சொல்ல வேண்டும். அவர் எவ்வளவு சரியாகச் சொல்கிறாரோ அவ்வளவு மார்க் மாணவிக்கு. லெசியெலியின் கதி ரேவினின் நாக்கு நுனியில் இருந்தது.

ஆகவே அந்தப் பெண் பாடுபட்டாள். இரண்டாவது வாரம் லத்தீனைக் கழற்றிப் போட்டுவிட்டு ஒரு கரண்டியும் அவித்த முட்டையுமாக வந்தாள்.

"இது உங்க தோள், ஆன்ட்டி. கரண்டி சின்னது, முட்டை பெருசு. ஆட்டினா விழும். விழாம இருக்க நாலு பக்கமும் நாலு தசை இழுத்துப் பிடிச்சுக்குது. ஒவ்வொரு தசையும் நுனியில கெட்டியான நாரா மாறி முட்டையில ஒட்டிக்கும். அதுல மேல் பக்கத்து நார் போற இடம் ரொம்பக் குறுகல். தாழ்வாரத்துக்கு அடியில பூனை நுழையற மாதிரி நுழைஞ்சு போகணும். கையைத் தூக்கும்போதெல்லாம் உரசும்."

"எக்ஸ்ரேயில அந்த நார் தெரியுமா?"

"தெரியாது. எலும்புதான் தெரியும்."

ரேவின் முட்டையை உரித்துத் தின்றாள். ஒரு சாட்சி கைவிட்டுப் போனது. எக்ஸ்ரேயை வைத்துக்கொண்டு டெஸ்ஸைப் பார்த்து எத்தனை சிரிப்பு சிரித்திருப்பாள்!

லெசியெலியைச் சீண்டுவது அவளுக்குப் பிடித்துப் போயிற்று. இந்தப் படிப்புப் படிக்கிறவர்கள் எதிரே வருகிறவரின் முகத்தைப் பார்ப்பதில்லை, கழுத்தைப் பார்க்கிறார்கள். "என் கழுத்துல என்ன, விலைச்சீட்டா தொங்குது?" என்பாள். "மன்னிச்சுக்கோங்க ஆன்ட்டி, உங்களுக்கு அந்த நரம்பு அவ்வளவு அழகா தெரியுது," என்பாள் லெசியெலி, மனசாரப் பாராட்டுவது போல. பஸ் ஓட்டுநரின் பின்கழுத்தில் எலும்பு எண்ணிக்கொண்டே வந்து, இறங்க வேண்டிய இடத்தை இரண்டு தரம் விட்டிருக்கிறாளாம்.

மேலே இரண்டாவது மாடியில், தானமாக வந்த உடல்கள் இருக்கும் கூடத்தைப் பற்றி ரேவின் நேராக ஒன்றும் கேட்கவில்லை. சுற்றி வளைத்துக் கேட்டாள். அங்கே சாப்பாடு கொண்டு போகக்கூடாது, சும்மா சிரிக்கக்கூடாது, யாருக்கும் செல்லப் பெயர் வைக்கக்கூடாது. வெளியே வரும்போது வாசலில் தண்ணீரைத் தொட்டுத் தெளித்துக்கொண்டுதான் வருவார்கள். "வருஷ ஆரம்பத்துல மாவோரிப் பெரியவங்க வந்து பிரார்த்தனை பண்ணி வழி திறந்து விட்டப்புறம்தான் நாங்க உள்ள போனோம்," என்றாள் லெசியெலி. அதைக் கேட்டு ரேவினுக்கு மனசு கொஞ்சம் லேசானது. டெஸ்ஸை யாரும் தட தடவென்று நுழைந்து எழுப்பவில்லை.

மூன்றாவது வாரம் அந்தப் பெண் நன்றாகச் சூடு பிடித்திருந்தாள். நார் எப்படி நைந்து போகும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பாத்திரம் துடைக்கிற துணி பழசாயிட்டா ஓரம் நைஞ்சு நூல் நூலாத் தொங்குமே, அப்படி. எங்க மேஜையில இருக்கிறவருக்குக் கூட இடது பக்கம் அப்படித்தான்..."

சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ரேவினின் கோப்பை பாதி வழியில் நின்றது. "யாருக்கு?"

"நான் ஒண்ணும் சொல்லலை."

"ஆம்பளையா, பொம்பளையா?"

"அதை நான் சொல்ல முடியாது, ஆன்ட்டி."

"தலையில முடி இருக்கா?"

"அதை நான் சொல்ல முடியாது, ஆன்ட்டி." லெசியெலி ஃபைலைத் தூக்கி முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருஷம் பிள்ளைகளின் முகத்தைப் படித்தே பிழைத்தவளுக்கு ஃபைல் அட்டை மட்டும்தான் தெரிந்தது.

"கால்ல ஆறு விரலா?"

அட்டை லேசாகக் குலுங்கியது. "அதை நான் சொல்ல முடியாது, ஆன்ட்டி."

"அடி, இதுக்காவது இல்லேன்னு சொல்லித் தொலையேன்!"

"இதுக்கு இல்லேன்னு சொன்னா, அடுத்த கேள்விக்கு நான் சும்மா இருந்தா அது ஆமான்னு ஆயிடும்ல? அதான் எல்லாத்துக்கும் ஒரே பதில். வாலு இருந்துச்சான்னு கேட்டாலும் இதேதான்."

"வாலு இருந்துச்சா?"

"அதை நான் சொல்ல முடியாது, ஆன்ட்டி."

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ரேவின் கேட்டுவிட்டாள். "வலது கையில சுண்டுவிரல் பாதிதான் இருந்துச்சா? மர மில்லுல போனது?"

ஃபைல் மெல்லக் கீழே இறங்கியது. லெசியெலியின் முகத்தில் ஆமாவும் இல்லை, இல்லையும் இல்லை. கேட்டவளைத்தான் அவள் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆன்ட்டி... மேல உங்களுக்கு யாரு இருக்காங்க?"

"அதை நான் சொல்ல முடியாது," என்றாள் ரேவின். சொல்லும்போதே மூக்கு சிவந்துவிட்டது. கைக்குட்டையைத் தேட ஆரம்பித்தாள்.

லெசியெலி தன் சட்டைக் கையிலிருந்து ஒரு டிஷ்யூவை எடுத்துக் கொடுத்தாள். "ஃபாரத்துல இல்லேன்னு டிக் பண்ணியிருந்தீங்களே."

"பண்ணினேன்."

"ஆன்ட்டி!" பிள்ளையைக் கண்டிக்கும் அம்மாவின் குரல் அது; வயது இருபத்தொன்று. "சொந்தக்காரங்க இருந்தா உங்களை உட்கார வெச்சே இருக்க மாட்டாங்க. சரி, நானும்தான் சொல்லக்கூடாததைச் சொல்லிட்டேன். வாங்க, எங்க பேராசிரியர் ஃபெர்கஸ்கிட்ட போய்ச் சொல்லிடலாம்."

"யாருக்குக் கேட்டுச்சு? நான் மறந்துட்டேன். நீயும் மறந்துடு. அடுத்த வாரம் நான் எழுந்து ஜோராச் சொல்லி உனக்கு மார்க் வாங்கித் தரேன்."

"மறந்துட்டீங்களா?"

ரேவின் டிஷ்யூவை மடித்தாள். "இல்லை."

பேராசிரியர் ஃபெர்கஸின் அறைக்கு வெளியே ஒரு நீளப் பலகை கிடந்தது. அதில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். எத்தனையோ பிள்ளைகளை இப்படிப் பலகையில் உட்கார வைத்திருக்கிறாள் ரேவின். அது இவ்வளவு சில்லென்று இருக்கும் என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை.

ஃபெர்கஸ் கிழிந்த ஸ்வெட்டர் போட்ட நெட்டை மனிதர். இரண்டு பேரையும் முழுசாகப் பேசவிட்டார். மாணவியிடம், "அறநெறிப் பகுதியில உனக்கு மார்க் குறையும். நீயா வந்து சொன்னதால வேற எதுவும் இல்லை," என்றார். ரேவினிடம் திரும்பி, "உங்க கடிதத்துக்குப் பதில் எழுதினது நான்தான்," என்றார்.

"ரெண்டே வரி."

"பன்னெண்டு வரி எழுதி, பத்தை அடிச்சேன்."

"அந்தப் பத்துல என்ன இருந்துச்சு?"

"சொல்லக்கூடாததுன்னுதானே அடிச்சேன்!"

ரேவின் சிரிக்கவில்லை. "ஐயா, ஒரே ஒரு தோள். எனக்கு வேற எதுவும் வேண்டாம். மாடி ஏறிப் போய் ஒரு பார்வை பார்த்துட்டு வந்து, ஆமா இல்லைன்னு ஒரு வார்த்தை. அந்த மனுஷன் படுக்கையில கிடக்கும்போது நடிக்காதேன்னு சொல்லிட்டேன். சரியாத்தான் சொன்னேனா இல்லையான்னு எனக்குத் தெரியணும்."

ஃபெர்கஸ் வாயைத் திறந்தார். அதற்குள் லெசியெலி தன் நாற்காலியை ரேவினுக்கு நேராகத் திருப்பிப் போட்டாள்.

"ஆன்ட்டி, பார்க்கிறாங்கன்னே வைங்க. நார் கிழிஞ்சிருக்கு. இப்ப என்ன சொல்லுவீங்க?"

"வலிச்சிருக்குன்னு சொல்லுவேன்."

"உங்க வயசுல பத்துப் பேரோட தோளைப் பார்த்தா, ரெண்டு மூணு பேருக்குக் கிழிஞ்சுதான் இருக்கும். அதுல பாதிப் பேருக்கு வலியே வந்திருக்காது. ஏணி போட்டுக் கூரைக்குப் பெயின்ட் அடிச்சிருப்பாங்க. அதனால கிழிஞ்சா வலிச்சதுன்னு அர்த்தமில்லை. சரி, கிழியலை. சுத்தமா இருக்கு. இப்ப?"

"நடிப்பு."

"சுத்தமான தோளை வெச்சுக்கிட்டு, கெட்டிலைத் தூக்க முடியாம அழறவங்க எத்தனையோ பேர். அதனால அதுவும் இல்லை. எங்களுக்கு எலும்பு தெரியும், நார் தெரியும், எது எங்க ஒட்டியிருக்குன்னு தெரியும். வலி தெரியாது, ஆன்ட்டி. அது எங்ககிட்ட வர்றதே இல்லை. அந்த மாடியில எந்த மேஜையிலயும் இல்லை."

"அப்ப யாருக்குத்தான் தெரியும்?"

"அவருக்கு மட்டும்தான். அவர் என்ன சொன்னாரு?"

ரேவின் தன் மடியைப் பார்த்தாள். "வலிக்குதுன்னார்."

"எத்தனை தடவை?"

ரேவின் எண்ணிப் பார்த்தாள். லாரி வந்த ஒவ்வொரு வருஷமும், கொடியில் தொங்கிய ஒவ்வொரு போர்வையும் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.  "பாவி, வேற யாரும் சொல்ல முடியாத விஷயத்தை என்கிட்டதான் சொல்லிக்கிட்டே இருந்திருக்கான்," என்றாள்.

ஃபெர்கஸ் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே லெசியெலியிடம் சொன்னார்: "இப்ப சொன்னதுல ஒரு லத்தீன் வார்த்தை கூட இல்லை, கவனிச்சியா?"

"பயத்துல மறந்துட்டேன்," என்றாள் அவள்.

ரேவினுக்கு வேறு ஃபாரம் கொடுத்தார்கள். நான்காவது கேள்விக்கு 'ஆம்' என்று டிக் செய்து, பயிற்சியிலிருந்து மரியாதையாக விலக்கப்பட்டாள். லெசியெலிக்குப் புதிதாக வாய்த்த ஆள் ஒரு ஓய்வுபெற்ற தபால்காரர். ஒரு காது கேட்காது. கடைசி செவ்வாயன்று அவர் எழுந்து, தோள் என்பது கரண்டியில் வைத்த உருளைக்கிழங்கு என்று ஆரம்பித்தாராம். மீதியைச் சரியாகச் சொல்லிவிட்டதால் லெசியெலி தப்பித்தாள்.

வருஷக் கடைசியில், தானம் செய்தவர்களின் குடும்பங்களை அழைத்து மாணவர்கள் நன்றி சொல்லும் கூட்டம் நடக்கும். விரும்பினால் தங்களவரைப் பற்றிச் சில வரிகள் எழுதித் தரலாம், பெயர் இல்லாமல் மாணவர்கள் படிப்பார்கள் என்று துறையிலிருந்து கடிதம் வந்திருந்தது. ரேவின் மூன்று நாள் உட்கார்ந்து எழுதினாள். முதலில் நான்கு பக்கம் வந்தது. டெஸ்ஸைப் பற்றி நான்கு பக்கம் நல்லதாகப் படித்தால் யாரும் நம்ப மாட்டார்கள் என்று கிழித்துப் போட்டாள்.

கூட்டத்தன்று மண்டபம் நிறைந்திருந்தது. லெசியெலி கறுப்பு உடைமேல் தன் மக்களின் வழக்கப்படி இடுப்பில் பாய் கட்டி, முன்வரிசையில் நின்றாள். ரேவினைப் பார்த்துக் கண்ணால் மட்டும் சிரித்தாள். ரேவினின் தாளைப் படிக்க வந்தவன் ஜலதோஷம் பிடித்த ஒரு மாணவன். மூக்கை உறிஞ்சிவிட்டுப் படித்தான்:

"என் கணவருக்கு இடது தோள் வலித்தது. விறகு தூக்கும்போது வலித்தது, போர்வை உலர்த்தும்போது வலித்தது, ஆஸ்பத்திரியில் வலித்தது. நடிக்கிறார் என்று நான் முப்பத்தொரு வருஷம் சொன்னேன். அவர் நடிக்கவில்லை. உங்களில் அவரை அறிந்தவர்கள் இதை என் சார்பில் அவருக்குத் தெரிவித்துவிடுங்கள். பாத்திரம் கழுவத் தெரியாது என்று அவர் சொன்னது மட்டும் நடிப்பு. அதில் நான் மாற மாட்டேன்."

மண்டபத்தில் முதலில் யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு வரிசை வரிசையாகச் சிரிப்பு பரவியது. மாணவன் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அடங்கட்டும் என்று காத்திருந்தான். ரேவினும் சிரித்தாள். கன்னம் நனைந்திருந்ததை அவள் துடைக்கவில்லை.

பக்கத்து நாற்காலியில் இருந்த முன்பின் தெரியாத மூதாட்டி, அவள் பக்கம் சாய்ந்து காதோரமாகச் சொன்னாள்: "எங்க வீட்ல முழங்கால்."

"நம்பினீங்களா?"

"எங்கே! நாப்பது வருஷம்."

ரேவின் அவளுக்குத் தன் டிஷ்யூவில் பாதியைக் கிழித்துக் கொடுத்தாள்.